இரண்டு விரற்கடை

முதலில் கண்ணாடிகளை மூடச் சொன்னார்கள்.
முன்விளக்கு, பின்விளக்கு, வேகமானி,
எல்லாவற்றிலும் நீல டேப்.
பின்னால் வருகிறவன் அவன் பாடு,
உனக்கு முன்னால் மட்டும்தான் வேலை என்றான்
காற்சட்டைப் பையில் குறடு செருகியிருந்தவன்.
பதினேழு வருடமாய் பாசலில்
மஞ்சள் ட்ராம் ஓட்டுகிறவளிடம் இதைச் சொல்வது
கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு
வேலைக்கு வா என்பது மாதிரி.
டேப் கையில் பிய்ந்து வரவில்லை.
பல்லால் கடித்தேன்.

எல்லை தாண்டி, அல்சாஸ் சமவெளியில்,
பில்ட்சைம் பக்கத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே
ஒரு தார் வளையம்.
மேற்கே வோஸ்ஜ் மலை பிழியாத துணிபோல் கிடந்தது.
பெயர் கூப்பிட்ட பையன்
கோகிலவதனியில் இரண்டாம் எழுத்தோடு இறங்கிவிட்டான்.
அறுபத்து நாலு, என்றான்.
அறுபத்து நாலு கையை உயர்த்தினாள்.

வாடகைத் தோல் உடுப்பு.
யாரோ நெட்டையானவளின் முழங்கால்
என் கெண்டைக்காலில் இருந்தது.
நடந்தால் நண்டு.
உட்கார்ந்தால்தான் மனுஷி.

பக்கத்துக் கொட்டகையில் லோரான்,
முலூஸில் பேக்கரி வைத்திருக்கிறவன்.
காற்று அழுத்தம் பார்க்க வந்து
என் பின்சக்கரத்தருகே குந்தினான்.
நடுவில் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது.
ஓரங்களில் மட்டும்,
இந்தப் பக்கம் இரண்டு விரற்கடை,
அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை,
கடையில் வாங்கின அன்றைய மயிர் அப்படியே.
நல்ல பிள்ளை, என்றான் பிரெஞ்சில்.
வசவுதான்.

ட்ராமில் வளைவு என் பொறுப்பல்ல.
இரும்பு அதை எப்போதோ முடிவுசெய்துவிட்டது.
எனக்கு வேகம் மட்டும், மணி மட்டும்,
நீ உயிரோடுதானே இருக்கிறாய் என்று
காலடியில் கேட்டுக்கொண்டேயிருக்கும்
அந்த ஒற்றை மிதி மட்டும்.
இங்கே தார் இவ்வளவு அகலம்.
எதிரே யாரும் வரமாட்டார்கள்.
எங்கே வேண்டுமானாலும் போகலாம்.
இதைவிடப் பயங்கரமான வாக்கியத்தை
நான் கேட்டதில்லை.

ஆரஞ்சுக் கூம்பு ஒன்று: பிடி.
அடுத்தது: சாய்.
மூன்றாவது: விடு.
நான் மூன்றையும் முதலாவதிலேயே செய்து முடித்தேன்.

கூம்பைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார்
என்றாள் முன்னால் ஓடிக் காட்டிய மாயெல்.
வயது இருபத்திரண்டு, மூக்கில் வெயில் எரிந்த தோல்.
சொல்லலாம்.
கண் அஞ்சினதைத்தான் மேயும்.
சரளைக் குழியைப் பார்த்தேன்.
வண்டி அந்தப் பக்கம் நாய்போல் இழுத்தது.

எல்லோரும் என்னைக் கடந்தார்கள்.
சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவான்.
முதுகில் காது முளைத்திருந்தது.

பிறகு சிவப்புக் கொடி.
எஞ்சின்கள் ஒவ்வொன்றாய் அணைந்த பின்தான் தெரிந்தது,
அவ்வளவு நேரமும் மேலே
ஒரு வானம்பாடி கத்திக்கொண்டிருந்திருக்கிறது.
வேனில் வந்து இறங்கினான் லோரான்,
உடைந்த பிரேக் பிடியைக்
கருகிய ரொட்டித் துண்டுபோல் ஏந்திக்கொண்டு.
சிரித்தான். கை நடுங்கியது.
எதை நம்புவது என்று தெரியாமல்
தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

கடைசி இருபது நிமிடம்.
அந்த நீண்ட வலது வளைவில், ஒரே ஒரு தடவை,
தலை திரும்பியது,
தோள் பின்னால் போனது,
நான் எதையும் செய்யவில்லை.
பூமி ஒருக்கா தன் விளிம்பைத் தூக்கிக் காட்டியது.
அடுத்த சுற்றில் அதே வளைவில் சொதப்பினேன்.

மாலையில் குந்தி விரல் வைத்து அளந்தேன்.
வலப்பக்கம் ஒரு விரல்.
இடப்பக்கம் அப்படியே இரண்டு.
ஒரு பக்கம் மட்டும் துணிந்தவள்.

எல்லைக்கு முன் டேப்பை உரித்தேன்.
கண்ணாடியில் பசை நின்றுவிட்டது.
பின்னால் வந்த கார்கள் எல்லாம்
மங்கலாய், கொஞ்சம் தள்ளியே வந்தன.

விடிய நாலு நாற்பது. டிப்போ வாசல் வளைவு.
சக்கரம் கீச்சிட்டது.
என் தலை தானாகத் திரும்பி
வெளியேறும் முனையைத் தேடிப் பிடித்தது.
ட்ராம் அதைக் கவனிக்கவில்லை.