கிடைத்த இடம்

கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
நாலாம் அலமாரியில் ரோஜாக் குடும்பத்தைத்
தட்டுத்தட்டாக இறக்கி
அந்துருண்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.
இந்தக் குடும்பத்துக்குப் புதுச்சேரிப் பக்கம்
உறவு குறைவு.
மலைமேல் கொஞ்சம் முட்புதர், கொஞ்சம் பேரிக்காய்.
கடற்கரையில் பூக்கடை ரோஜா மட்டும்,
அதுவும் ஓசூரிலிருந்து ஐஸ் பெட்டியில்.

நடுவே இருந்தது அது.
பழுப்புத் தாளில்
உள்ளங்கையகலப் பாய்.
நிமிர ஆசைப்படாத செடி;
காற்று அடிக்கிற ஊரில் அதுதான் புத்தி.
பிய்த்தபோது வேர் விடவில்லை போலும்,
ஒரு சில்லுக் கல்லையும் இறுக்கிக்கொண்டு
கப்பலேறி வந்திருக்கிறது.

இலையைத் திருப்பினால்
அடியில் வெள்ளைக் கம்பளி.
கம்பளி!
என் முழங்கையிலிருந்து மேசைமேல்
வியர்வை சொட்டுகிறது.

இந்தக் குடும்பத்துக்கு இதழ் ஐந்து.
எண்ணினேன். எட்டு.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இன்னொரு முறை. எட்டேதான்.

சீட்டை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.
மிச்சம்: 'பனி உருகியபின்',
'சுண்ணாம்புப் பாறை',
பறித்தவர் பெயரில் பின்பாதி.
வடக்கே எங்கோ. எந்த வடக்கு?
ஊர் இருந்த இடத்தில் ஓட்டை.

மெர்சலின் மேடம் எட்டிப் பார்த்தார்.
"இடம் தெரியாத மாதிரி
மாதிரியே இல்லை, செங்கமலம். கழிச்சிடுங்க."
சரிதான். விதி அப்படித்தான்.
தானே புயலில் தேவனாம்பட்டினத்து வீட்டில்
எங்கள் பத்திரம் கூழானபோது
கடலூர் ஆபீஸில் ஒருவர்
இதே வாக்கியத்தை
ஸ்டாம்ப் அடித்தபடி சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படித்தேன்.
வெயில் போகிற பக்கமெல்லாம் முகம் திருப்புமாம்.
கிண்ணம்போல் குவிந்து சூடு சேர்த்து
ஈக்களைக் குளிர்காய விடுமாம்.
நெருஞ்சியும்தான் திரும்புகிறது,
நான் பஸ் ஏறும் இடத்துக்குப் பின்னால்,
மஞ்சளாக, செருப்பைக் குத்திக்கொண்டு.
அதற்குக் குளிர், பாவம்.
இவ்வளவு வெயில் கிடக்கிற ஊரில்
நெருஞ்சிக்கு இன்னும் என்ன வேண்டுமாம்?

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது.
விசிறி சுற்ற,
தாளிலிருந்து இறகு முளைத்த ஒரு விதை எழும்பி
என் புடவைக் கொசுவத்தில் உட்கார்ந்தது.
நூறு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தது
இந்தக் காற்றுக்கா?

இடுக்கியால் எடுத்துச் சிறு உறையில் போட்டேன்.
அப்போதுதான் காம்பைப் பார்த்தேன்.
ஒரு பக்கமாக வளைந்து
அப்படியே காய்ந்திருக்கிறது.
யாரோ குனிந்து பறித்த நொடியில்
சூரியன் நின்ற பக்கம்.
பூச்சி அதை மட்டும் தின்னவில்லை.

புதுச் சீட்டு வெட்டினேன்.
'பறித்த இடம்: தெரியவில்லை.
கிடைத்த இடம்: புதுச்சேரி, நாலாம் அலமாரி.
அறை வெப்பம்: முப்பத்தேழு.
பூவின் முகம்: இடப்புறம்.'

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.
பசை காயட்டும்.