நகக்கண் அளவு

ஸ்டோர்விக்கில் மழை; அது செய்தியே இல்லை.
என் தம்பி ஐலிஃபுக்குப் பார்வை கிடையாது.
பதினோரு வருடமாய் அவன் காதோரம்
ஆட்டத்தை நான்தான் ஓட்டுகிறேன்:
"இடப்பக்கம் போகிறது, தூக்கி அடித்தான், தலை..."

கோலை மட்டும் நான் சொன்னதில்லை.
காலடிப் பலகை அதிரும்,
முன்வரிசைக்காரரின் பீர் எங்கள் முழங்காலில் கொட்டும்,
நான் வாய் திறக்குமுன்
அவன் எழுந்து நின்றிருப்பான்.

இன்றும் எழுந்தான். கத்தினான்.
பிறகு நடுவர் காதில் விரல் வைத்தார்.

நான்கு நிமிடம்.
கோலடித்த பையன் கொடிக்கம்பத்தருகே
சிரிப்பதா வேண்டாமா என்று நிற்கிறான்.
எல்லோரும் பெரிய திரையைப் பார்க்கிறோம்;
அதில் ஒரு வங்கி விளம்பரம்.
"என்ன ஆச்சு?" பின்னாலிருந்து ஒருவர்.
"யாருக்குத் தெரியும்?" அவர் மனைவி.
ஐலிஃப் சிரிக்கிறான்:
"வாங்க, வாங்க, என் வரிசையில் இடமிருக்கு."

ஓஸ்லோவில் ஏதோ ஓர் அறையில்
யாரோ கோடு இழுக்கிறார்கள்.
போன வருடம் எங்களைக் கவிழ்த்தது
எதிரணிக்காரன் கையில் பட்ட பந்து.
அந்த வாரமே
கேமரா வேண்டுமென்று கையெழுத்திட்டவள் நான்.

கோல் இல்லை. ஆஃப்சைடு.
"எவ்வளவு?" என்றான்.
சொல்லத் தெரியாமல்
அவன் உள்ளங்கையில் என் நகத்தைப் பதித்தேன்.
கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தான்.
"அப்படியென்றால் சரிதான்."

எண்பத்தேழாவது நிமிடம்
மறுபடி பலகை அதிர்ந்தது, பீர் கொட்டியது,
ஊரே எழுந்தது.
ஐலிஃப் மட்டும் உட்கார்ந்தபடி
என் சட்டைக் கையைப் பிடித்து
"நீ சொல்லு" என்றான்.