மூக்குப் பாலம்

மொரேஸில் தட்டையான இடம் என்று ஒன்றுமில்லை.
இரண்டு மலை நெருக்கிப் பிடித்த ஊர்,
நடுவில் பியென் ஆறு,
தலைக்கு மேல் ரயில் போகும் கல் பாலங்கள்.
தொண்ணூற்று நான்கு, தை மாதம்.
பின்சில்லுப் புதைந்த பியாட் காரைத்
தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்
தூலியோ ஸான்வெத்தோர்,
ஏலத்தில் எங்களை எடுத்தவர்.
எங்களை என்றால்
பதினெட்டு மெஷின், அறுபத்து மூன்று பேர்,
வங்கிக்குக் கட்டாத நாலு வருஷம்.

முதல் நாள் பேச்சு எதுவும் இல்லை.
ஒவ்வொரு கதிரையிலும் இருந்து பார்த்தார்.
என்னுடையது ஆடியது.
தன் விசிட்டிங் கார்டை நாலாக மடித்துக்
காலுக்குக் கீழே செருகினார்.
நிர்வாக இயக்குநரின் மேல் இருந்து
எட்டு வருஷம் வேலை செய்தேன்.

ஆல்ப்ஸுக்கு அந்தப் பக்கம், அப்பன் தொடங்கிய கொம்பனி.
அண்ணன் சில்வானோ கணக்குப் பார்ப்பவர்.
தங்கை நெரீனா, அண்ணன் கணக்கை நம்பாதவர்.
ஞாயிறு மதியச் சாப்பாடுதான் இயக்குநர் கூட்டம்.
சூப் ஆறுமுன் ஒருவர் ராஜினாமா செய்வார்,
கோப்பி வருமுன் அதைத் திரும்ப எடுப்பார்.
மொரேஸை இழுத்து மூடு என்பார் அண்ணன், கிழமைக்குக் கிழமை.
திங்கள் காலை தூலியோ கோட்டைக் கழற்றினால்
இன்னும் ஏழு நாள் இருக்கு.

ஒருநாள் கவராயத்தோடு என் மேசைக்கு வந்தார்.
கிழக்கே விற்ற பிரேம் எல்லாம் வழுக்குதாம்.
“உன் மூக்கைத் தா.”
தந்தேன்.
மூக்குத்தி தடுத்தது. கழற்றினேன்.
அதோடு மூக்கை மறந்துபோனார் மனுசன்.
திருகாணியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக்
கால்மணி நேரம் மூச்சுவிடாமல் பார்த்தார்.
யார் செய்தது?
கன்னாதிட்டியில் ஒரு பத்தர்.
எத்தனை வருஷம்?
பதினெட்டு.
ஒருமுறையும் கழலவில்லையா?
மாஸ்கோவில் இல்லை, லொறிக்குள் இல்லை,
எல்லைக் காட்டில் ஓடியபோதும் இல்லை என்று சொல்ல
என் பிரெஞ்சு அப்போது காணாது.
இல்லை, என்றேன்.

மாதிரி எண் 417.
என் மூக்கு பதினொரு நாட்டில் விலைபோனது.
எனக்கு ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய்.

உங்கள் பாஷையில் இதற்கு என்ன பேர் என்று கேட்டார்.
மூக்குக்கண்ணாடி என்று சொல்லி
சொல்லைப் பிரித்தும் காட்டினேன்.
சிரித்துச் சிரித்துக் கண் நிறைந்துவிட்டது.
“நாங்கள் கண்ணின் பேரைச் சொல்லி விற்கிறோம்.
பாரம் எங்கே என்று
உங்கள் ஆட்களுக்குத்தான் தெரிந்திருக்கு.”

நல்லவரா என்று கேட்டால் பதில் வைத்திருக்கவில்லை.
இரண்டாயிரத்து மூன்றில் இருபத்திரண்டு பெயரைத்
தானே வாசித்தார், உச்சரிப்புப் பிசகப் பிசக.
பதினேழாவது ஓதில், என் பக்கத்து மேசை.
பேக்கரி வாசலில் இன்றைக்கும்
அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.
அவள் மற்றக் கதவால் போவாள்.

போன பங்குனியில் விற்றார்கள்.
அண்ணன் இல்லை, நெரீனாவின் பிள்ளைகளுக்குக் காசு வேண்டும்.
கையெழுத்து எங்கள் மாதிரி அறையில்.
பாரிஸிலிருந்து நாலு பேர், ஒரே நிறச் சப்பாத்து.
நான் கையிருப்புப் பட்டியலோடு ஓரத்தில்.
எழுபத்தொரு வயது மனுசன் பையைத் தடவுகிறார்,
மற்றப் பையைத் தடவுகிறார்.
கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

சுவரில் தொள்ளாயிரம் கண்ணாடி.
ஒன்றை எடுத்துப் போட்டார். இன்னொன்று.
பிறகு 417.
ஒன்றிலும் பவர் இல்லை, எல்லாம் வெறும் பிளாஸ்டிக்.
பாரிஸ்காரர் தரையைப் பார்த்தார்கள்.

என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.
மருந்துக்கடையில் வாங்கியது, ஒன்பது யூரோ,
எங்கே செய்ததோ.
அவர் போடவில்லை.
காதை விரித்து, மடக்கி, திரும்ப விரித்து
முகத்தைச் சுளித்து
சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தார்.
அது மட்டும் இருந்தது.
வலது கீலை அரைச் சுற்று இறுக்கினார்.
பிறகு வாசித்தார், முப்பத்தொரு பக்கமும்,
பாரிஸ்காரரின் ரயில் தலைக்கு மேலே போகும் வரைக்கும்.
கையெழுத்து வைத்தார்.

கண்ணாடியைத் துடைத்துத்தான் தந்தார்.
ஆனால் அகன்ற முகம்,
காது இரண்டும் விரிந்துபோயிருந்தது,
குனிந்தால் வழுக்கியது.

புது முதலாளிக்கும் ஷிப்ட் ஆறு மணிக்குத்தான்.
திங்கட்கிழமை பத்து நிமிஷம் முந்திப் போய்
சுடுகாற்றில் காட்டி
நானே வளைத்துக்கொண்டேன்.