மூன்று முறை மூடும் பெயர்

தகரக் கூரையில் மழை விழுந்தால்
தோட்டத்து மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்காது.
இருந்தது ஒரே டிவி.
பிள்ளைகள் கத்தும், கச்சான் தோல் நொறுங்கும்,
பின்னால் ஜெனரேட்டர் வேறு உறுமும்.
தமிழ்ச் செய்தி தொடங்கியதும்
அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பது
ஏழு வயதுக் காய்ச்சலில் காது போன
என் அக்கா கொளஞ்சியைத்தான்.

அவள் பார்ப்பது
பரிமளம் சவரிமுத்துவின் உதட்டை.

ஒரு சொல்லை முழுசாக முடித்துவிட்டுத்தான்
அடுத்ததைத் தொடுவார் அந்த அம்மா.
அக்கா அதைக் கண்ணால் வாங்கிக்
கையால் எங்களுக்குக் கொடுப்பாள்.
உள்ளங்கை கவிழ்ந்து இறங்கினால் ரப்பர் விலை.
கழுத்துவரை ஏறினால் கிளந்தானில் வெள்ளம்.
இல்லாத டையை இழுத்துவிட்டால் மந்திரி.
இரண்டு கையும் விரிந்து அப்படியே நின்றால்
முடிவு இன்னும் எடுக்கவில்லை.
சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் செய்திக்கு
எப்போதும் அப்படித்தான் நிற்கும்.

தப்பும் வரும்.
பணமும் மணமும் உதட்டுக்கு ஒன்றுதான்.
தொழிலாளருக்குப் பண உதவி என்றதை
மண உதவி என்று காட்டிவிட்டாள்.
மாரியான் இரண்டு நாள்
தலை வாரிக்கொண்டு திரிந்தான்.

ழகரம் வெளியே தெரியாது,
நாக்கு உள்ளே மடங்கிச் செய்யும் திருட்டு வேலை அது.
மழை என்றால் அக்காவுக்குப் பாதிதான்.
மீதிக்குக் கூரையைப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடத்தில்
உதடு ஒட்டாத செய்யுள் ஒன்று நடத்தினார்கள்.
ஓடி வந்து அவளுக்குச் சொல்லிக் காட்டினேன்.
முழுதும் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
கொட்டாவியா?

ஒரு நாள்,
அவங்க குரல் எப்படிடா இருக்கும் என்றாள்.
எனக்குச் சொல்ல வரவில்லை.
கஞ்சி மாதிரி என்றேன், இல்லை, மணி மாதிரி என்றேன்.
அவளே என் கையைப் பிடித்து
டிவியின் முதுகில் வைத்தாள்.
கதகதவென்று இருந்தது.
இதானே, என்றாள்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது.
செம்பனையும் போய் வீட்டு மனை விளம்பரம் வந்தது.
பீடோங்கில் மலிவு வீடு, மூன்றாம் மாடி.
நான் லோரி ஓட்டினேன்.
அக்கா கையுறைத் தொழிற்சாலையில்
காற்றடைத்து ஓட்டை பார்த்தாள்,
நாளெல்லாம் அவள் முன்னால்
பேசாத கைகள் ஊதி நின்றன.

பரிமளம் ஓய்வு பெற்றதும் வந்தவர்களில்
ஒருவருக்கு மீசை மேலுதட்டை மூடும்.
ஒருத்தி பக்கத்தில் திரும்பித் திரும்பிச் சிரிப்பாள்.
எல்லாருக்கும் அவசரம்.
செய்தி நேரத்தில் அக்கா
துணி மடிக்கத் தொடங்கினாள்.

போன செவ்வாய்க்கிழமை
சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
டேய், பரிமளம்!
திரும்ப வாசிக்க வந்துட்டாங்கடா!

திரையில் அவர் படம்.
நிறப்படம்.
அந்த உதட்டுக்குச் செங்கல் நிறம் என்று
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.
மடித்த துணி கீழே விழுந்தது.
படம் வாய் திறக்கக் காத்திருந்தாள்.
மீசைக்காரர் பாட்டுக்குப் படத்துக்குப் பின்னால்
வாசித்துக்கொண்டிருந்தார்.

சோற்றுக் கையோடு எழுந்து போய்
முகத்தில் விளக்கு விழுகிற இடமாக நின்றேன்.
அவசரப்படாமல் சொன்னேன்,
அவர் சொல்வது போல.
பரிமளம்.
பகரத்தில் மூடியது.
நடு மகரத்தில் மூடியது.
கடைசியில் ஒருமுறை மூடியதை
அடுத்த சொல்லுக்காக என்னால் திறக்க முடியவில்லை.

அக்கா என் வாயையே பார்த்தாள்.
நகரவில்லை.
அவளுக்குத் தெரியும்,
ஒன்றை முழுசாக முடித்துவிட்டுத்தான்
அடுத்ததைத் தொடவேண்டும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
எதிர்வீட்டுப் பழைய மண்டோர் சன்னாசி
கதவுக் கம்பியைப் பிடித்தபடி
உள்ளே எட்டிப் பார்த்து,
என்னா செய்தி என்று
அவளைத்தான் கேட்டார்.