பத்தொன்பது மணி நேரம்

சயனில் தண்டவாளம் மூழ்கிய வாரம்
பெட்டியின் மூன்றாவது டிஸ்க்
பல்லி மாதிரி உச்சுக்கொட்டத் தொடங்கியது.
பல்லி சொல்லுக்குப் பலன் உண்டு என்பார்கள்.
இதற்கும் இருந்தது: ஆரஞ்சு விளக்கு.

தரைத்தளம் எங்களுடையது.
போன மழை வந்து நின்ற கோடு
சுவரில் இடுப்புயரம்.
அதனால் பெட்டி பிரிட்ஜின் தலையில்,
நான்கு டிஸ்க்கும் அதற்குள்.

ஆண்ட்ரூஸின் முதல் நடை, ஒன்றுக்கு மூன்றாக.
மைத்துனனின் நிச்சயதார்த்தம்
(பெண் இப்போது வசாயில் வேறு வீட்டில்)
"பிறகு பார்க்க" என்ற கோப்புறையில்.
மூடி கழற்றாமல் எடுத்த நாற்பது நிமிடம்:
முழுக் கறுப்பு,
அதற்குள் ரோஸ்லின் யாரிடமோ
உளுந்து விலை பேசுகிறாள்.
அழிக்கப் போய் அழிக்காமல் வந்திருக்கிறேன்,
இரண்டு தரம்.

லாமிங்டன் ரோடு பிம்ஜி பாய்
புது டிஸ்க்கை உறையில் போட்டுத் தந்தார்.
"அடுத்தது சாவதற்குள் மாட்டு."

மாட்டினேன்.
மிச்சமிருக்கும் மூன்றும் கூடிக் கணக்குப் போட்டு
போனது என்ன வைத்திருந்தது என்று சொல்லிவிடும்,
வராதவன் பங்கை
வந்தவர்கள் ஒப்பிப்பது போல.
பத்தொன்பது மணி நேரம் என்றது திரை.
அதற்குள் இன்னொன்று போனால்
மொத்தத்தையும் எடைக்குப் போடலாம்.

ஓடும்போது பெட்டியை நகர்த்தக் கூடாது.
கீழே பிரிட்ஜ்
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பு உதறுகிறது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏற்கெனவே செத்த மீனை
இன்னொரு தரம் சாகடிக்கிறீங்க" என்றாள் ரோஸ்லின்.
பிறகு ஒன்றும் பேசவில்லை.
இரண்டு கிலோ அயிலை,
ஒரு வாரத்து இட்லி மாவு,
ஈஸ்டருக்கு வாங்கி மறந்த இறால்,
எல்லாம் அடுப்புக்குப் போயின.
எதிர்க் கதவைத் தட்டி
"ஜேவாயலா யா" என்றாள் சாவந்த் வீட்டில்.
மாடியிலிருந்து துரைப்பாண்டி
நைட் ஷிப்ட் டப்பாவோடு இறங்கி வந்தான்.
இட்லிக்கும் மீன் குழம்புக்கும் ஆகுமா என்று
மராத்தியில் ஒரு வழக்கு நடந்தது.
ஆகும் என்று தீர்ப்பு.

அப்போது அறுபத்தொன்று சதவீதம்.

விடிகாலை நாலு பத்துக்குப் பச்சை விளக்கு.
ஒரு நொடி குறையாமல் பத்தொன்பது வருடம்
திரும்பி வந்திருந்தது.
பிரிட்ஜைப் போட்டேன்.
உள்ளே ஒரு எலுமிச்சை.

மதியம் சாவந்த்தின் மகள் ஸ்நேஹல்
வாட்ஸப்பில் ஒன்று அனுப்பினாள்.
நிற்கவைத்து எடுத்த ஐம்பத்திரண்டு விநாடி.
எல்லார் கையிலும் தட்டு.
துரைப்பாண்டி எதையோ சொல்ல,
சிரிப்பு தாங்காமல் ரோஸ்லின் திரும்புகிறாள்
ஒரு பக்கமாக, யாரிடமோ காட்ட.
அந்தப் பக்கம் ஸ்டூலில் ஒரு முதுகு.
அண்ணாந்து விளக்கைப் பார்க்கிறது.

தேதி போட்டுப் பெயர் வைத்தேன்.
மூன்று பிரதி எடுத்தேன்.

சட்டையின் தோள்பட்டைக்குக் கீழே
விரல் நுழையும் கிழிசல்.
எத்தனை நாளாக என்று தெரியவில்லை.