நூற்றுக்கு ஒன்று

முதல் பந்தயம் மார்கழியில்.
பிரேசிலில் வெயில். இங்கே
வவுணதீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாவி
வயல்களைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டிருந்தது.
உபமின்நிலையத்தில் எனக்கு இரவு முறை.
மழைச்சட்டையைக் கழற்றாமலே
கைபேசியைப் பதிவேட்டில் சாய்த்து வைத்தேன்.
இருபத்திரண்டு கார்கள்.
புகையில்லை, உறுமல் இல்லை,
ட்ரான்ஸ்போமரின் முனகல் மட்டும்.
வெளியே ஒன்று, திரையில் ஒன்று,
எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

எட்டாம் இலக்கத்தை நான் எடுத்தேன்.
ஆரையம்பதி லைனும் எங்களுக்கு எட்டுத்தான்,
மாதம் இருமுறை விழும்.
"அது வெல்லாதுகா" என்றான் ஜவ்பர்,
காத்தான்குடியில் பற்றரிக் கடை வைத்திருப்பவன்,
செத்த பற்றரியை முகர்ந்தே வயது சொல்பவன்.
அவன் எடுத்தது இருபத்தேழு.
பருவம் முடிய, தோற்றவர் கணக்கில் ஃபலூடா.

தையில் மெக்சிக்கோ.
எட்டு பதினான்காவது.
மாசியில் எட்டு சுவரில்.

பிறகுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.
முன்னே போகிறவன் காற்றைக் கிழித்துக் கிழித்து
கையிருப்பைத் தொலைக்கிறான்.
பின்னே வருபவன் அந்தக் கிழிசலுக்குள் ஒதுங்கிச் சேமிக்கிறான்.
அதனால் முதலிடம் ஒருவருக்கும் வேண்டாம்:
நீ போ, இல்லை நீ போ,
சாப்பாட்டுப் பந்தியில் முதல் வரிசைக்குக்
கூச்சப்படுகிறவர்கள் மாதிரி.
பிரேக் பிடித்தால் ஓடிய ஓட்டம்
கொஞ்சம் கரண்டாகத் திரும்பி வரும்.

ஜவ்பர் இதை மட்டும் நம்பவில்லை.
"செலவழிச்ச காசு எங்க திரும்பி வாற?"
பழைய மோட்டார் ஒன்றில் பல்பைக் கொழுவி
கையால் சுழற்றிக் காட்டினேன். எரிந்தது.
அன்று கடை மூடும்வரை
அவன் அதையே சுழற்றிக்கொண்டிருந்தான்.
வந்த இரண்டு வாடிக்கையாளரும் திரும்பிப் போனார்கள்.

வைகாசி. கச்சான் தொடங்கிவிட்டது.
ஊரெல்லாம் மின்விசிறி,
மீற்றர் ஊசிகள் சிவப்பை முட்டிக்கொண்டு நின்ற
ஒரு பகல் முறையில், டோக்கியோ.
கடைசிச் சுற்று, கடைசி வளைவு,
முன்னே போன மூன்று கார்களும்
ஒன்றன்பின் ஒன்றாய்ச் சோர்ந்தன,
தவணைக்காசு கட்டாத வீடுகளைப் போல.
எட்டு வந்தது. அவசரமில்லாமல் வந்தது.
மிச்சம் நூற்றுக்கு ஒன்று.
மேசையில் நான் அடித்த அடியில்
பிளேன்டீ பதிவேட்டில் கொட்டியது.
ஈரத்தின் மேலேயே எழுதிவிட்டேன்: எட்டு, முதலாவது.

"இது என்ன?" என்றார் பொறியியலாளர்.
"எட்டாம் லைன்தான் முதல்ல சீராகினது, சேர்."
கையொப்பமிட்டார்.

ஆடி, லண்டன், இறுதி.
எட்டுக்கும் இருபத்தேழுக்கும் நாலு புள்ளி இடைவெளி.
மூன்று சுற்று மீதியிருக்கையில்
பின்னால் ரிலே விழுந்த சத்தம்.
திரும்பாமலே தெரியும், எந்த லைனென்று.
ஆரையம்பதி இருட்டு.

கைபேசியை முகங்குப்புற வைத்தேன்.
தவேந்திரனை எழுப்பி, ஏணி அனுப்பி,
ஒவ்வொரு கம்பமாய்க் கேட்டு,
நாற்பத்தேழு நிமிடம்.
அதற்குள் பத்தொன்பது அழைப்புகள்.
ஒருத்தி திட்டவில்லை. பாதி அரைத்த மாவை
என்ன செய்ய என்று மட்டும் கேட்டாள்.
"வௌவால்" என்றான் தவேந்திரன், "கருகிட்டு."
சுவிட்சை ஏற்றினேன்.
ஊசி எழுந்து, தயங்கி, நின்றது.

கைபேசியைத் திருப்பினேன்.
ஒரு மேடை, பறக்கும் வண்ணக் காகிதம்,
கிண்ணத்தைத் தூக்கும் இரண்டு கைகள்,
முகத்துக்குப் படம் ஏறுமுன்
மூலையில் நூற்றுக்கு ஒன்று என்று காட்டி
அணைந்தது.
முப்பத்துமூவாயிரம் வோல்ட்டுக்கு நடுவே
சார்ஜர் இல்லாமல் இருந்தேன்.
சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

விடிய, கேற்றடியில்
சத்தமில்லாமல் வந்து நிற்கிறது ஜவ்பரின் மின் ஸ்கூட்டர்.
ஹாண்டிலில் ஏதோ ஒரு பை.
காற்றில் ஆடுகிறது, பாரம் தெரியவில்லை.
அவன் முகமும் ஹெல்மெட்டுக்குள்.
கேற்றுக்கு நூறு மீற்றர்.
நான் அவசரப்படவில்லை.