சேதப் பட்டியல், பக்கம் நான்கு

சூறாவளி போன பதினோராம் நாள்
காப்பீட்டுக் கம்பெனி அனுப்பி வந்தேன்,
சேன் பெனுவாவுக்கு மேலே
கரும்புக்குள் நிற்கும் மாதாகோயிலுக்கு.
கூரைத் தகரம் பதினெட்டு. சன்னல் கண்ணாடி ஆறு.
மணிக்கு ஒன்றுமில்லை.

வடக்குச் சுவரில் தெ ப்ரேமொன் குடும்பத்தின் சலவைக்கல்.
உச்சியில் கேடயம், கேடயத்தில் மூன்று பறவை,
அலகில்லை, காலில்லை.
உடைந்தது என்று எழுதப் போனேன்.
"பிறவியே அப்படி" என்றாள் சாவிக்காரி ஒனோரின்,
"தரையில் இறங்காத சாதியாம்."
அலை அடிக்கும் இடத்திலிருந்து மலையுச்சி வரை
ஒரே பத்திரத்தில் எழுதி வாங்கியவர்களுக்கு
இறங்கத் தெரியாத பறவை.

கல்லுக்கு நிறமில்லை. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்:
புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தால் பொன்,
நெடுக்குக் கோடு சிவப்பு, குறுக்குக் கோடு நீலம்,
சும்மா விட்டால் வெள்ளி.
ஈரத்தைத் துடைத்து விரலால் தடவினேன்.
பொன் வெளியில் நீலப் பறவை.
விரலோடு வந்தது பாசி.

அடியில் ஒரே ஒரு லத்தீன் சொல்:
மானேயோ.
யாரோ மானைக் கூப்பிடுவதாகத்தான் என் காதில் விழுந்தது.
தேடினேன், மான் இல்லை.
நிலைத்திருக்கிறேன் என்று பொருளாம்.
நடு எழுத்து இடவலம் மாறிக் கிடக்கிறது.
படிக்கத் தெரியாத எவனோ, கொடுத்த தாளைப் பார்த்து
படம் வரைவதுபோல் கொத்தியிருக்கிறான்.
கூலியைப் பிடித்தார்களோ என்னவோ.
படிக்கத் தெரிந்தவர்கள்
முழங்காலிட்டு எழும்போதெல்லாம் பார்த்திருப்பார்கள்,
நூற்று அறுபது வருடமாக.

கல்லில் உள்ள அதே 1861இல்தான்
எங்கள் ஆள் கப்பலிறங்கியது. வையாபுரி என்றார்.
குமாஸ்தா காதுக்கு எட்டியதை எழுதினான்:
வயபூரி.
திருத்தக் கோரும் மனு ஒன்று
வீட்டு அலமாரியில் இருக்கிறது, முத்திரை ஒட்டாமல்.

கல்லின் கடைசி வரிகள் பொடி எழுத்தில், குழந்தைகள்:
லியோன்ஸ், மூன்று மாதம்.
அதேல், இரண்டு வயது.
இன்னொரு லியோன்ஸ், ஒன்பது நாள்.
நான் கேட்காமலே ஒனோரின்
அந்த இடத்தை மட்டும் சட்டைக் கையால் துடைத்தாள்.

படிவத்தில் இரண்டு கட்டம்.
காற்றால் நேர்ந்தது. முன்பே இருந்தது.
திரும்பிய எழுத்துக்கு நேரே
இரண்டாவதில் பேனாவை வைத்தேன்.
"நேராக்கிக் கொடுப்பார்களா?"
கேட்டால் கொடுப்பார்கள்.
செலவுக் கட்டத்தில் சுழியம் போட்டுக்
கையெழுத்திட்டேன், குமாஸ்தா எழுதியபடியே.

வெளியே வந்து தகரத்தை மறுபடி எண்ணினேன்.
பத்தொன்பது.